ரொறன்ரோவில் அகதிக் கோரிக்கையாளராக வேலைக்குப் போகிறீர்களா? கேஸையும் சம்பளத்தையும் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழிகாட்டி

"கொம்ப்ளெயின்ட் குடுத்தா உன்ர கேசுக்குத்தான் பிரச்சினை." ஸ்காபரோவில் புதிதாக வந்து இறங்கிய எவரிடம் கேட்டாலும் இந்த வசனத்தை யாரோ ஒருவர் அவருக்குச் சொல்லியிருப்பார். சம்பளம் தராத முதலாளி சொல்வார். வேலை பிடித்துத் தந்த ஏஜென்சிக்காரர் சொல்வார். சில நேரம் நல்ல எண்ணத்தோடு சொந்த மச்சானே சொல்வார். இந்தப் பயத்தால் வாங்காமல் விடப்படும் சம்பளம்தான் அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

உங்கள் அகதிக் கோரிக்கையைத் தீர்மானிப்பது குடிவரவு அகதிகள் சபை. அது மத்திய அரசின் கீழ் இயங்கும் தீர்ப்பாயம். திருப்பி அனுப்பினால் உங்களுக்கு அங்கே என்ன ஆபத்து, அந்த ஆபத்து ஏன், நீங்கள் சொல்வதை நம்பலாமா என்பவைதான் அதன் முன் உள்ள கேள்விகள். உங்கள் சம்பளத்தைப் பார்ப்பது ஒன்ராறியோ மாகாணத்தின் தொழில் அமைச்சு. இந்த ஆள் வேலை செய்தாரா, செய்த வேலைக்குக் காசு கொடுக்கப்பட்டதா என்று அது பார்க்கும். அரசாங்கமே வேறு, சட்டமும் வேறு. வராத சம்பளத்தைக் கேட்டதற்காக ஒருவருடைய அகதிக் கோரிக்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒன்ராறியோவின் வேலைவாய்ப்புத் தராதரங்கள் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் பாதுகாப்பு குடியுரிமை உள்ளவருக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வேர்க் பெர்மிட் இல்லாமல் வேலை செய்திருந்தால், அது குடிவரவுச் சட்டத்தில் தனிப் பிரச்சினை. அப்போதும் செய்த வேலைக்குரிய சம்பளம் உங்களுடையதுதான். ஆனாலும் முறைப்பாட்டுப் படிவத்தில் கை வைக்க முன்னர் உங்கள் சட்டத்தரணியிடமோ இலவச சட்ட நிலையத்திலோ ஒருமுறை கதைத்துவிடுங்கள்.

முதலில் கேஸ், பிறகு ஷிஃப்ட்

வேலை உரிமை பற்றிய கட்டுரையில் கேஸைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், கேஸ் கவிழ்ந்தால் வேலையும் போய்விடும். வேலைக்கு ஓடி ஓடியே கேஸைக் கோட்டை விட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

வந்த முதல் நாட்களிலேயே லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்கு அழையுங்கள். இலக்கம் 1-800-668-8258. வருமானம் குறைவாக இருந்தால் சட்டத்தரணிக்கான செலவை அவர்களே ஏற்கும் 'சேர்ட்டிஃபிக்கேட்' கிடைக்கும். கோரிக்கையின் அடிப்படைப் படிவத்தைத் தயாரிப்பதும் விசாரணைக்கு உங்களோடு வருவதும் அதற்குள் அடங்கும். லீகல் எய்ட் பட்டியலில் உள்ளவர்களில் உங்களுக்குப் பிடித்தவரை நீங்களே தெரிவு செய்யலாம். சேர்ட்டிஃபிக்கேட்டில் வேலை செய்யும் சட்டத்தரணி அதே வேலைக்கு உங்களிடம் மேலதிகமாகக் காசு வாங்கக்கூடாது. "லீகல் எய்ட் தாறது காணாது, நீங்கள் ஒரு ரெண்டாயிரம் போடுங்கோ" என்று யாராவது கேட்டால், கொடுக்க வேண்டாம். லீகல் எய்டுக்கே போன் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்ராறியோவில் காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காகச் சபையின் முன் நிற்க உரிமை உள்ளவர்கள் மூன்று வகையினர்தான்: சட்டத்தரணி, ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் அனுமதி பெற்ற பாராலீகல், சபையின் முன் வாதாடுவதற்கென்றே தனி உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர். சட்டத்தரணி, பாராலீகல் இருவரின் பெயரையும் சட்டச் சங்கத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். ஆலோசகர்களுக்கு, 'கல்லூரி' என்று அழைக்கப்படும் அவர்களுடைய உரிம அமைப்பின் பட்டியல் இருக்கிறது. பயண ஏஜென்ட், வரி நிரப்பித் தருபவர், "நோட்டரி" என்று பலகை போட்டிருப்பவர் எல்லாம் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் படிவத்தை நிரப்பிவிட்டு, அதில் தங்கள் பெயரையே போடாமல் விட்டுவிடுவார்கள். விசாரணையில் படிவமும் உங்கள் வாயும் வேறு வேறாகப் பேசும்போது அந்த இடத்தில் அவர் இருக்கமாட்டார். யார் நிரப்பினாலும், கையெழுத்துப் போட முன்னர் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவசரம் என்று சொன்னாலும் விடாதீர்கள். விசாரணையன்று தமிழ் மொழிபெயர்ப்பாளரைச் சபையே இலவசமாக ஏற்பாடு செய்யும்.

சபை உங்கள் வாயாலேயே கேட்டுத்தான் தீர்மானிக்கிறது என்பது இனாமாக வந்ததல்ல. 1985 ஏப்ரல் 4 அன்று, சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம், நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அகதிக் கோரிக்கையாளருக்கு நேரடி விசாரணை வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் சீக்கியர்கள். அதற்கடுத்த ஆண்டு, 1986இல், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்த 155 தமிழர் முதல் இன்று பியர்சன் விமான நிலையத்தில் இறங்குபவர் வரை அதன் பலனை நாமும் அனுபவிக்கிறோம்.

வீடு மாறினால் முகவரி மாற்றத்தைச் சபைக்கும், குடிவரவுத் திணைக்களத்துக்கும், எல்லைச் சேவைகள் முகவரகத்துக்கும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். ஒன்றுக்குச் சொன்னால் மற்றது தானாக அறிந்துகொள்ளாது. பேஸ்மென்ட் மாறி மாறிக் குடியிருக்கும் முதல் வருடத்தில் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், திகதி தவறி, கோரிக்கை கைவிடப்பட்டதாகப் போய்விடக் கூடும். எல்லாத் திகதிகளையும் போனில் போட்டு வையுங்கள்.

விசாரணை நாளில் ஷிஃப்ட் வந்தால்? அகதி விசாரணைக்கென்று தனி விடுப்பு வேலைவாய்ப்புச் சட்டத்தில் இல்லை. திகதி கையில் கிடைத்த அன்றே மேற்பார்வையாளரிடம் எழுத்தில், ஒரு குறுஞ்செய்தியாகவாவது, "இன்ன திகதியில் எனக்குச் சட்ட அலுவல் இருக்கிறது, வர இயலாது" என்று அறிவியுங்கள். அகதி விசாரணை என்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. சபை விசாரணைகள் அந்தரங்கமானவை. அவர் மறுத்தாலும் விசாரணைக்கே போங்கள். வேலை இன்னொன்று கிடைக்கும்.

பெர்மிட்டும் சின் இலக்கமும்

கோரிக்கை வைக்கும்போதே வேர்க் பெர்மிட்டும் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கோரிக்கையாளருக்கு அதற்குக் கட்டணம் இல்லை. பொதுவாக மருத்துவப் பரிசோதனை முடியாமல் பெர்மிட் வராது. அந்தப் பரிசோதனையை எந்த டொக்டரிடமும் செய்ய முடியாது. குடிவரவுத் திணைக்களம் நியமித்த டொக்டரிடம்தான் போக வேண்டும். செலவை இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் ஏற்கும். கடிதம் வந்ததும் இழுத்தடிக்காமல் அப்பொயின்ட்மென்ட் எடுங்கள்.

பெர்மிட் கைக்கு வந்ததும் அதன் அடியில் உள்ள நிபந்தனைகளை வாசியுங்கள். கோரிக்கையாளருக்குக் கிடைப்பது திறந்த பெர்மிட், அதாவது எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். "நான்தான் உனக்கு ஸ்பொன்சர், என்னை விட்டுப் போனால் பெர்மிட் போய்விடும்" என்று யாராவது சொன்னால் அது பொய். சிலருடைய பெர்மிட்டில் மட்டும் குழந்தைப் பராமரிப்பு, மருத்துவத் துறை போன்ற இடங்களில் வேலை செய்யத் தடை எழுதியிருக்கும்.

பிறகு சேர்விஸ் கனடாவில் சின் (SIN) எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம் எடுங்கள். அது இலவசம். தற்காலிகமாக இருப்பவர்களின் சின் 9இல் தொடங்கும், பெர்மிட்டோடு காலாவதியாகும். பெர்மிட் முடிவதற்கு முன்னரே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் வரை பழைய நிபந்தனைகளோடே தொடர்ந்து வேலை செய்யலாம். விண்ணப்பித்த ரசீதைப் பத்திரப்படுத்தி முதலாளிக்குப் பிரதி கொடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் இந்தச் சலுகை இல்லை.

பெர்மிட் வரும் வரைக்கும் "அண்ணையின்ர சின்னில செய்யலாம்" என்று ஒரு யோசனை நம்மவரிடையே எப்போதும் உலாவும். செய்யாதீர்கள். சம்பளம் அண்ணையின் பெயரில் போகும், வரி அண்ணையின் தலையில் விழும், விபத்து நடந்தால் அடிபட்டவர் யார் என்பதே சிக்கலாகும். குடிவரவுப் படிவங்களில் நீங்கள் எழுதிய வேலை விவரத்தோடும் இது முரண்படும். பெர்மிட் வருமட்டும் கையில் காசில்லை என்றால் ஒன்ராறியோ வேர்க்ஸ் உதவித்தொகைக்குக் கோரிக்கையாளரும் விண்ணப்பிக்கலாம். வேலை தொடங்கியதும் வருமானத்தை அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். கைக்காசானாலும் வருமானம் வருமானம்தான்.

வேலை பேசும்போது

"முதல் ரெண்டு நாள் ட்ரயல், அதுக்குச் சம்பளம் இல்லை." இது ரெஸ்டோரன்ட்களிலும் பேக்கரிகளிலும் அடிக்கடி கேட்பது. ஒன்ராறியோவில் ட்ரயலும் பயிற்சியும் வேலைதான், சம்பளம் கட்டாயம்.

ஏஜென்சி மூலம் வெயார்ஹவுஸுக்குப் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் தற்காலிக வேலை ஏஜென்சிகளுக்கு மாகாண உரிமம் கட்டாயம். அமைச்சின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். இரண்டாவது, வேலை பிடித்துத் தந்ததற்கோ ரெசுமே எழுதித் தந்ததற்கோ ஏஜென்சி உங்களிடம் காசு வாங்கக்கூடாது. மூன்றாவது, சம்பளத்தை ஏஜென்சி தராவிட்டால் நீங்கள் வேலை செய்த கொம்பனியும் அதற்குப் பொறுப்பு. அதனால் எந்தக் கொம்பனியின் எந்தக் கட்டடத்தில் வேலை செய்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். விடியற்காலை வான் வண்டியில் ஏற்றி, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் கொண்டுபோய் இறக்குவார்கள். போனில் இடத்தைப் பதிந்து வைத்தால் போதும். அந்த வண்டிக்கென்று சம்பளத்தில் காசு வெட்டுவதானால், எவ்வளவு வெட்டலாம் என்று நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

"நீ எம்ப்ளோயி இல்லை, சப்-கொன்ட்ராக்டர்" என்று கையெழுத்து வாங்குவது துப்புரவு வேலையிலும் கூரை வேலையிலும் சாதாரணம். கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட நடைமுறை எப்படி என்பதையே சட்டம் பார்க்கும். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவர் சொல்கிறாரா? வேலைக் கருவிகள் அவருடையவையா? உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப அவர் விடமாட்டாரா? அப்படியென்றால் நீங்கள் அநேகமாகத் தொழிலாளிதான், கையெழுத்துப் போட்டிருந்தாலும்.

ஊபர் ஈட்ஸ், டோர்டாஷ் போன்றவற்றில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்குத் தனிச் சட்டம் 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓடர் எடுத்ததிலிருந்து கொடுத்து முடிக்கும் வரையான நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. ஓடருக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு இல்லை. காத்திருப்புத்தான் அதிகம் என்று செய்பவர்களுக்குத் தெரியும், ஆகவே அதை நம்பி வாடகைக் கணக்குப் போட வேண்டாம்.

படித்த வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்று: 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் பொது விளம்பரத்தில் "கனடிய அனுபவம் வேண்டும்" என்று கேட்க முடியாது.

கணக்கு

குறைந்தபட்ச ஊதியம் 2025 ஒக்டோபர் 1 முதல் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். வழக்கமாக ஒவ்வொரு ஒக்டோபரிலும் இது மாறும், நீங்கள் வாசிக்கும் நேரத்துத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வேலைகளில் கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு.

ஒரு கிழமையைப் போட்டுப் பார்ப்போம். கிச்சினில் 52 மணித்தியாலம் நிற்கிறீர்கள். முதலாளி மணித்தியாலத்துக்கு 13 டொலர்படி கையில் 676 டொலர் தருகிறார். "வரி வெட்டாமல் தாறன், உனக்குத்தான் லாபம்" என்கிறார். சட்டப்படி என்ன? முதல் 44 மணித்தியாலத்துக்கு 774.40. மீதி 8 மணித்தியாலத்துக்கு 26.40 வீதம் 211.20. மொத்தம் 985.60. இதற்கு மேல் 4 வீத விடுமுறைச் சம்பளம், ஏறத்தாழ 39.42. ஆக ஒரு கிழமையில் 349 டொலர் அவருடைய பொக்கற்றில் நின்றுவிட்டது. வரி, ஓய்வூதியத் திட்டம், வேலையிழப்புக் காப்புறுதி என்று வெட்டினாலும், இந்த அளவு வருமானத்தில் வெட்டப்படும் வரியில் ஒரு பங்கு வருட முடிவில் திரும்பியும் வரும். அதோடு கைக்காசில் காப்புறுதிக்கான மணித்தியாலக் கணக்கும் பதிவாகாது. வேலை போன அன்றுதான் அதன் அருமை தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் போகாமல் அரை மணித்தியாலச் சாப்பாட்டு இடைவேளை தர வேண்டும், அதற்குச் சம்பளம் தரத் தேவையில்லை. கிழமைக்கு 48 மணித்தியாலத்தைத் தாண்ட உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். வழக்கமாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவரைக் கூப்பிட்டுவிட்டு, "இண்டைக்கு வேலை இல்லை" என்று உடனே திருப்பி அனுப்பினால் மூன்று மணித்தியாலச் சம்பளம் தர வேண்டும். வருடத்தில் ஒன்பது பொது விடுமுறைகள் உண்டு. ஒவ்வொரு சம்பள நாளிலும் விவரச் சீட்டுத் தர வேண்டும். காசுப்பெட்டியில் காசு குறைந்தால், அந்தப் பெட்டியில் வேறொருவரும் கைவைக்கக் கூடியதாக இருந்தால், உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது. வேலையில் பிழை விட்டீர்கள் என்றும் வெட்ட முடியாது. டிப்ஸ் உங்களுடையது.

கொப்பியும் போனும்

சம்பள வழக்குகளில் வெல்பவர் கணக்கு வைத்திருப்பவர். முதலாளி மூன்று வருடத்துக்கு மணித்தியாலப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கைக்காசு கொடுப்பவர் வைத்திருக்கமாட்டார், அல்லது கேட்ட அன்று இரவே ஒன்றை எழுதுவார். அந்த நேரத்தில் நீங்கள் அன்றன்றைக்கு எழுதிய கொப்பிக்குப் பெறுமதி அதிகம்.

ஒரு சின்னக் கொப்பியில் திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை, அன்று கூட நின்றவர், கையில் வாங்கிய காசு ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதலாம். ஷிஃப்ட் பற்றிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம், படமாகப் பிடித்து இன்னொரு இடத்திலும் வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னதைச் செய்தியாக்குங்கள்: "அண்ணை, நேற்று நீங்கள் சொன்ன மாதிரி ஞாயிறும் வாறன், 10 மணித்தியாலம் தானே?" அவர் கட்டைவிரல் ஒன்றைப் போட்டு விட்டாலே அது ஒரு சாட்சி. சுவரில் தொங்கும் ஷிஃப்ட் அட்டவணையைக் கிழமைக்கு ஒருக்கால் படம் பிடியுங்கள். இ-ட்ரான்ஸ்ஃபர் வந்தால் யாருடைய பெயரிலிருந்து வந்தது என்று பாருங்கள். கடையின் பெயர் வேறு, பதிவு செய்த கொம்பனியின் பெயர் வேறாக இருக்கும். அந்தப் பெயர் பின்னர் தேவைப்படும்.

காசு வராவிட்டால்

முதலில் எழுத்தில் கேளுங்கள். இத்தனை திகதி முதல் இத்தனை திகதி வரை இத்தனை மணித்தியாலம், இவ்வளவு பாக்கி, இந்த வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கள் என்று மரியாதையாக, சுருக்கமாக. கோபத்தில் எழுதும் செய்தி பின்னர் உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும்.

பிறகு அமைச்சில் முறைப்பாடு. படிவம் இணையத்தில் இருக்கிறது, இலவசம், சட்டத்தரணி தேவையில்லை. சம்பளம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். "கேஸ் முடியட்டும், பிறகு பாப்பம்" என்று இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். விசாரணைத் திகதி வரவே நீண்ட காலம் எடுக்கலாம். காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் பின்னால் ஒரு மாதச் சம்பளம் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கும். முறைப்பாட்டில் உங்கள் பெயர் முதலாளிக்குத் தெரியவரும், அதை மறைக்க இயலாது. அதிகாரி இரு பக்கமும் விசாரித்து, பாக்கியைக் கட்டச் சொல்லி உத்தரவிடலாம். முடிவு பிடிக்காவிட்டால் தொழில் உறவுகள் சபையில் மீளாய்வு கேட்க 30 நாள் உண்டு.

ஒரே பாக்கிக்கு அமைச்சிலும் நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் போக முடியாது. வேலையிலிருந்து நிறுத்தியதற்கான காசை அமைச்சில் கேட்டால், பிறகு நியாயமற்ற பணிநீக்கம் என்று வழக்குப் போடும் வழி அடைபடும். பல வருடம் வேலை செய்த இடமென்றால் படிவத்துக்கு முன்னர் சட்ட நிலையத்தில் கேளுங்கள். சில மாத வேலைக்கு அமைச்சே போதும்.

உரிமை கேட்டதற்காக வேலையால் நிறுத்துவது, மணித்தியாலத்தைக் குறைப்பது, மிரட்டுவது எல்லாமே பழிவாங்கலாகச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டவை. பழிவாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. "இமிகிரேஷனுக்கு அடிச்சுச் சொல்லுவன்" என்று சொல்வதும் மிரட்டல்தான். வாயால் சொன்னால் அன்றே கொப்பியில் எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவரே உங்களுக்குச் சாட்சி தந்துவிட்டார். குடிவரவுத் திணைக்களத்துக்கு உங்கள் கோரிக்கை ஏற்கனவே தெரியும். பெர்மிட்டோடு வேலை செய்யும் ஒருவரைப் பற்றி அவரால் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

நிறுத்திவிட்டால்: தொடர்ந்து மூன்று மாதம் வேலை செய்திருந்தால் ஒரு கிழமை முன்னறிவிப்பு அல்லது ஒரு கிழமைச் சம்பளம், ஒரு வருடத்துக்கு இரண்டு கிழமை, மூன்று வருடத்துக்கு மூன்று, இப்படிக் கூடிக்கொண்டு எட்டு வரை போகும். கடைசிச் சம்பளம் ஏழு நாளுக்குள் அல்லது அடுத்த வழக்கமான சம்பள நாளில், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் வர வேண்டும்.

நிறம், பிறந்த இடம், மதம், பால் காரணமாக நடந்த பாகுபாடு வேறு வழி. அது மனித உரிமைகள் தீர்ப்பாயத்துக்கு, ஒரு வருடத்துக்குள். மனித உரிமைகள் சட்ட ஆதரவு மையம் அதற்கு இலவசமாக உதவும். பாலியல் தொல்லைக்கும் இதே வழி உண்டு. முதலாளி அதை விசாரித்தே ஆக வேண்டும் என்று தொழில் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

அடிபட்டால்

இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். விரல் மெஷினில் அகப்பட்டது, ஏணியால் விழுந்தீர்கள், நாரி பிடித்துவிட்டது. மேற்பார்வையாளர் காரில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் சொல்வார்: "வீட்டில விழுந்தது எண்டு சொல்லும், ஹொஸ்பிட்டல் காசெல்லாம் நான் பாக்கிறன்."

சொல்லாதீர்கள். டொக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: வேலையில், இந்த இடத்தில், இப்படி நடந்தது. டொக்டரின் அந்த முதல் குறிப்புத்தான் பிறகு எல்லாவற்றுக்கும் அத்திவாரம். பெரும்பாலான வேலைத்தலங்கள் டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனப்படும் தொழிலாளர் காப்புறுதிக்குள் வருகின்றன. இழந்த சம்பளத்தின் பெரும் பகுதியும் சிகிச்சைச் செலவும் அதிலிருந்து கிடைக்கும். யாருடைய பிழை என்பது அதில் கேள்வி இல்லை. அடிபட்ட அன்றைய முழுச் சம்பளத்தையும், வைத்தியசாலைக்குப் போகும் பயணச் செலவையும் முதலாளி ஏற்க வேண்டும். அவர் மூன்று வேலை நாளுக்குள் டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்கு அறிவிக்க வேண்டும். அவர் அறிவிக்காவிட்டாலும் நீங்களே ஆறாம் இலக்கப் படிவத்தைக் கொடுக்கலாம், ஆறு மாதத்துக்குள். "காப்புறுதி கேட்கமாட்டேன்" என்று கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தக் கடதாசிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

டபிள்யூ.எஸ்.ஐ.பி. மறுத்தால் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் தொழிற்சங்கம் இல்லாதவர்களுக்கு இலவசமாக வாதாடும். ரொறன்ரோவில் காயமடைந்த தொழிலாளர்களுக்கென்றே ஒரு சமூகச் சட்ட நிலையமும் இருக்கிறது.

அடிபட முன்னரே ஒன்று: ஆபத்தான வேலையை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பயிற்சி தராமல் ஃபோர்க்லிஃப்டில் ஏறச் சொன்னால், கயிறு இல்லாமல் கூரையில் ஏறச் சொன்னால், "இது ஆபத்து, நான் செய்யமாட்டேன்" என்று மேற்பார்வையாளரிடம் நேரே சொல்லுங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் வேலையை விட்டுப் போனதாகக் கதை மாறும். சொல்லிவிட்டுப் பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள். அவர் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் அமைச்சின் 1-877-202-0008 இலக்கத்துக்கு அழையுங்கள்.

யாரை அழைப்பது

சம்பளம், மணித்தியாலம், விடுமுறை பற்றிய கேள்விக்கு அமைச்சின் தகவல் மையம் 1-800-531-5551. பெயர் சொல்லாமலே விவரம் கேட்கலாம். வேலை விபத்துக்கு டபிள்யூ.எஸ்.ஐ.பி., 1-800-387-0750. எங்கே போவதென்றே தெரியாவிட்டால், சமூக சேவைகளுக்கு வழிகாட்டும் 211 இலக்கம்.

ஆள் முகம் பார்த்துக் கதைக்க வேண்டுமென்றால் ஒன்ராறியோ தெற்காசிய சட்ட நிலையம் இருக்கிறது, குறைந்த வருமானமுள்ள தெற்காசியருக்கென்றே நடப்பது. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு ஸ்காபரோ சமூகச் சட்டச் சேவைகள். சம்பளப் பிரச்சினைக்கு ரொறன்ரோ தொழிலாளர் செயல் மையமும் உதவும். அகதிகளுக்கென்றே இயங்கும் எஃப்.சி.ஜே. அகதிகள் மையத்தில் படிவம் முதல் தங்குமிடம் வரை வழிகாட்டுவார்கள். எல்லா நிலையங்களும் எல்லா வழக்கையும் எடுப்பதில்லை. ஒன்று மறுத்தால் "அப்ப யாரிட்டப் போறது?" என்று கேட்டு, இன்னொரு பெயரை வாங்காமல் போனை வைக்க வேண்டாம்.

அழைத்ததும் பதிவு செய்த குரல் நீளமாக ஓடும். ஆள் வந்ததும் முதலில் "டமில் இன்டர்பிரெட்டர், ப்ளீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் கதையைத் தொடங்கிவிட்டால், தேவையில்லை என்று நினைத்துத் தொடர்ந்துவிடுவார்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க விட வேண்டாம். கையில் பெர்மிட், முதலாளியின் முழுப் பெயரும் முகவரியும், கடைசிச் சம்பளத் திகதி, அந்தக் கொப்பி ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். கதைத்தவரின் பெயரையும் திகதியையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை அழைக்கும்போது வேறொருவர் எடுப்பார், அவருக்கு நீங்கள்தான் முந்திய கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.